முதுகுத்தண்ணி அப்பாசாமி

யாராவது சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினால் போதும், அப்பாசாமி முந்திக்கொள்வார். தன் குச்சியைக் கிழித்து, காற்றுக்கு மறைப்பாக உள்ளங்கையைக் குவித்து, அடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டுவார். சுருட்டு பற்றிக்கொண்டதா என்று பார்க்கமாட்டார். அவர் பார்ப்பது கண்ணை. வெளிச்சம் பட்டதும் கருமணி சுருங்கினால், "சரி, போய்ட்டு வாங்க" என்பார். சுருங்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். குச்சியை மட்டும் விரலைச் சுடும்வரை பிடித்திருப்பார். அவருக்குப் புகைக்கும் பழக்கமே கிடையாது.

மலாக்காவில், காஜா பெராங் வட்டாரத்தில், அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். குடிவந்த அன்று எனக்கும் ஒரு குச்சி கிழித்தார். நான் சிகரெட் பிடிப்பதில்லை என்று சொன்ன பிறகும் அது என் முகத்தருகே எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு திருப்தியாகத் தலையாட்டி, அறையின் சாவியைக் கொடுத்தார். முன்பணத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. இந்த மாதிரி வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பார் என்று அப்போது மகிழ்ந்துபோனேன்.

ஒல்லியான மனிதர். ஐம்பதை நெருங்குகிறார். அரைக்கைச் சட்டை, காக்கிக் காற்சட்டை, நடுவகிடு. பக்கத்தில் வந்தால் ஸ்பிரிட் நெடியும், அதற்குக் கீழே ஆட்டுப் பட்டியின் வாடையும் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய வலது கை மெல்லக் குலுங்கிக்கொண்டே இருக்கும். நரம்புத் தளர்ச்சி என்று நான் நினைத்திருந்தேன். அது தொழில் பழக்கம். ஆட்டு இரத்தம் உறைந்துபோகாமல் இருக்க, கண்ணாடி மணிகள் போட்ட குப்பியில் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருக்கவேண்டுமாம். குப்பி இல்லாத நேரத்திலும் கை அதை மறப்பதில்லை.

டவுனில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. பிணவறைக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்த அறை. பின்னால் ஒரு செம்மறி கட்டியிருக்கும். கூண்டுகளில் கினிப்பன்றிகள், எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு பிராணி, கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலையில் செம்மறியின் கழுத்தைத் தடவி, "கொஞ்சம் குடு தாயி" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை இறக்குவார். ஆடும் அசையாமல் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

பாசாரில் மாட்டிறைச்சி விற்கும் யூசுப் பாயிடம் அவர் மாட்டு நெஞ்சு, அதாவது இருதயம், வாங்குவார். கறி வேண்டாம், எலும்பு வேண்டாம், நெஞ்சு மட்டும். "எல்லாரும் கறி கேக்குறாங்க, நீங்க மட்டும் ஏன் சாமி நெஞ்சு கேக்குறீங்க?" என்று பாய் ஒருநாள் விசாரித்தார். "செத்த மாட்டு நெஞ்சையும் மனுசன் முதுகுத்தண்ணியையும் ஒண்ணா வச்சா, ரெண்டும் உண்மையப் பேசும் பாய்" என்று இவர் நிதானமாகப் பதில் சொன்னார். அன்றிலிருந்து பாய் நெஞ்சைத் தாளில் சுற்றித் தள்ளி வைத்துவிடுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். காஜா பெராங்கிலோ, அப்பாசாமி ஒளித்து வைத்து மாடு தின்கிறார் என்று முதலில் பேச்சு. கோயில் அன்னதானத்தில் பரிமாற வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். பிறகு, அவர் தின்பதில்லை, ஏதோ செய்கிறார் என்று தெரிந்ததும் மரியாதை கூடிவிட்டது. நம்மவர்கள் பொம்மோ, மந்திரவாதி, என்றார்கள், வீட்டில் மலாய் பேசும் பக்கத்துச் செட்டி வீட்டார் அதையே டுக்குன் என்றார்கள். ஓடிப்போன கணவனை வரவழைத்துத் தரச் சொல்லி ஒரு பெண் கோழியோடு வந்து நின்றாள். மனுஷர் கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் கண்ணுக்கு நேரே ஒரு குச்சி கிழித்துப் பார்த்து அனுப்பினார்.

அந்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மேகநோய், டாக்டர்கள் சிபிலிஸ் என்பது, வந்து, ஆறி, ஆள் அதை மறந்தும் போன பிறகு, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஏறுவதுண்டாம். டாக்டர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இடுக்கில் நீண்ட ஊசியை இறக்கி, உள்ளே இருக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் பிடிப்பார். நோய் அங்கே போயிருந்தால், உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை அந்த நீரில் உண்டாக்கி வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அப்பாசாமி அதற்குக் காவக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறார்.

"திருடன் பூந்த வீட்டுலதான் சார் காவக்காரன் நிப்பான். திருடன நம்மளால பாக்க முடியாது. காவக்காரன எண்ணிப்புடலாம்."

எண்ணுவது எப்படியென்றால், வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். முதல் குழாயில் அந்த முதுகு நீர். அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று உப்புநீர் கலந்து இளக்கிக்கொண்டே போவார். எல்லாவற்றிலும் மாட்டு நெஞ்சின் சாறும், கினிப்பன்றி இரத்தத்தின் தெளிநீரும் சேர்த்து, உடம்புச் சூடுள்ள வெந்நீர்த் தொட்டியில் வைப்பார். கடைசியாகச் செம்மறியின் இரத்தம். காவல்காரன் இல்லாத குழாயில் இரத்தம் உடைந்து, குழாய் முழுக்கச் சிவந்துவிடும். காவல்காரன் நிற்கும் குழாயில் இரத்தம் உடையாது. அடியில் ஒரு பொட்டாகப் போய் உட்கார்ந்துகொள்ள, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். எத்தனை குழாய் தெளிகிறதோ அத்தனைக்கு நோயின் பலம்.

"செவந்தா நல்லது சார். தெளிஞ்சாத்தான் வம்பு." இதைக் கேட்டதிலிருந்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்தால் எனக்குக் குடிக்கப் பிடிப்பதில்லை. கடையில் சிவப்பு சிரப் கலந்து கொடுக்கச் சொல்கிறேன்.

இனி எழுதப்போவதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அப்பாசாமி என்பதும் அவர் பெயர் அல்ல. அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரியாதது போல் இருந்துவிடுங்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பனாருக்குக் குச்சி கிழித்துக் காட்டுகிறவருக்கு எப்படி ஆகும். அவருக்கு உலகம் எல்லாம் தங்கை கோகிலாதான். அதே வீட்டின் முன்பகுதியில் கணவன் சேதுபதியோடு இருக்கிறாள். சேதுபதி லோரி ஓட்டுகிறவன். ஜப்பான் சண்டை முடிந்த புதிதில் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் ரப்பர் ஏற்றிக்கொண்டு ஓடியவன். ஆறடி ஆள், வாய் நிறையச் சிரிப்பு. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இப்போது கோகிலாவுக்கு மூன்றாவது.

இரண்டாவது பிள்ளை போன துக்கத்தில்தான் சேதுபதி வெள்ளிக்கிழமை தோறும் மாமரத்தடி முனீஸ்வரர் மேடைக்குப் போக ஆரம்பித்தான். கைகூப்பிக் கண்ணை மூடினால் அவன் உடம்பு ஆடும். முதலில் லேசாக, பிறகு விழுந்துவிடுவான் போல. சாமி வந்துவிட்டார் என்று கூட்டம் சேர்ந்தது. நடக்கும்போது காலை உயரத் தூக்கித் தரையில் அறைந்து வைத்தான். முனி நடை என்றார்கள். எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்று குறி கேட்டார்கள். அவன் சொன்னதில் சில பலித்தன. ஆணா பெண்ணா, மாற்றல் வருமா வராதா, இந்த மாதிரி. பலிக்காததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பேச்சும் பெரிதாகிவிட்டது. "மெர்டேக்கா வரட்டும் மச்சான், மலாக்காவ எங்கிட்டதான் குடுக்கப் போறாங்க. உஜோங் பாசிர்ல கடலத் தூத்து தங்கத்துல கோபுரம் கட்டுறேன்" என்பான். யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. போன வருஷம் பாடாங் திடலில் மெர்டேக்கா என்ற சுதந்திரத்தின் தேதியை அறிவித்ததிலிருந்து எல்லோருமே இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவெட்டுகிறவர் கடை லைசென்ஸோடு கப்பலும் வரும் என்கிறார். நானே ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராவேன் என்று வீட்டுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பைத்தியம் பிடித்தவனைக் கண்டுபிடிக்க இது நல்ல காலம் இல்லை.

கண்டுபிடித்தவர் அப்பாசாமி. ஒரு மாலை சேதுபதி சாமிக்குப் படைத்த சுருட்டை வாயில் வைத்தான், இவர் வழக்கம்போல் குச்சியை நீட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கருமணிகள் இரண்டும் ஊசிக்குத்து அளவில், வெளிச்சத்துக்கு அசையாமல் அப்படியே நின்றன. குச்சி எரிந்து முடிந்து அவர் விரலைச் சுட்டது. அவர் கையை உதறவில்லை.

"மேகநோயி மூளைக்கு ஏறுனா வெளிச்சத்துக்குக் கருமணி சுருங்காது. கண்ண மூடுனா காலுக்குத் தன் எடம் மறந்துபோயிடும் சார், இந்த நோயில. அதான் ஆடுறாரு" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். "கோகிலாவுக்கு ரெண்டு போச்சே, அதுவும் இதனாலதான். இப்ப பென்சிலின் இருக்கு. இப்பவே போட்டா வயித்துல உள்ளது பொழைக்கும்." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

தங்கையிடம் பேசிப் பார்த்தார். அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. "ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குத்தானே போனேன் அண்ணே. ரெண்டும் போச்சு. ஊசி மருந்து ஒடம்புல ஏறக்கூடாதுன்னு சாமி சொன்னுச்சு. கேட்டேன். இது நிக்குது." அவள் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் வாயால் நோயே தனக்கு மருந்து வேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்கிறது, அதைத் தெய்வவாக்கு என்று அவள் நம்புகிறாள்.

முதலில் சேதுபதியின் முதுகுநீரைச் சோதித்துவிட்டால் பெரிய டாக்டரே வந்து அவளிடம் சொல்வார் என்று அப்பாசாமி கணக்குப் போட்டார். அதற்கு ஒரு பொய்யும் சொன்னார். "மாப்பிள்ள, புது கவர்மெண்டுல பெரிய பதவிக்கு வரப் போறவங்களோட முதுகுத்தண்ணிய இப்பவே பாத்து வச்சுக்கிறாங்க." சேதுபதிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "சாமிக்கு ஊசி என்ன பண்ணும்" என்று ஜிப்பா போட்டு, மாலையும் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். முதுகுநீர் எடுத்தது வார்டில். அப்பாசாமியின் அறைப்பக்கம் அவன் எட்டியும் பார்க்கவில்லை. படுக்கவைத்த கட்டிலிலேயே மறுநாள் வரை வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குப்பி ஐஸ் பெட்டிக்குள் போனது. செம்மறி இரத்தம் சனிக்கிழமைதானே, சோதனையும் அன்றுதான்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. நானும் அப்பாசாமியும் மேடையிலிருந்து தள்ளி, வேலியோரம் நின்றுகொண்டிருந்தோம். அவர் ஒருநாளும் அருகில் போகிறவர் அல்ல. சேதுபதி கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தவன், யாருக்கோ குறி சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினான். கண் திறக்கவில்லை.

"வேலியோரம் நிக்கிறவனே. என் தண்ணிய அளக்கப் போறியா. அள. அஞ்சு வாசல்ல ஆளு நிக்கும். ஆறாவது வாசல் செவப்பு."

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கோட்டை வாசல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அப்பாசாமியின் குலுங்கும் வலது கை நின்றிருந்தது. அந்தக் கை நின்று நான் பார்த்தது அன்றுதான். வீட்டில் குழாய்களைப் பற்றியோ காவல்காரனைப் பற்றியோ அவர் யாரிடமும் பேசியதில்லை, என்னைத் தவிர. நானும் யாரிடமும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை.

மறுநாள் என்னை உடன் வரச் சொன்னார். துணைக்கு என்று சொல்லவில்லை, பையைத் தூக்க என்றார். பை காலியாக இருந்தது. ஆட்டிடம் கேட்டார், இரத்தம் எடுத்தார், குலுக்கினார், கழுவினார். எல்லாம் வழக்கம்போல் நடந்தது. குழாய்கள் தொட்டிக்குள் இருந்த நேரம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கினிப்பன்றிகள் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி அடக்கினார்.

குழாய்களை வெளியே எடுத்துவைத்தார். ஐந்து குழாய்கள் தெளிந்து நின்றன, அடியில் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு. ஆறாவது முழுக்கச் சிவப்பு. அதற்கப்புறம் உள்ளவையும் சிவப்பு. யாரோ பின்னால் நின்று என் தோளுக்கு மேலாக அந்தக் குழாய்களைப் பார்ப்பது போல் இருந்தது, திரும்பிப் பார்க்க தைரியம் வரவில்லை. அப்பாசாமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மீதமிருந்த நீரை எடுத்து முதலிலிருந்து மறுபடி வைத்தார். மறுபடியும் ஐந்து தெளிவு, ஆறாவது சிவப்பு.

"நோயி இருக்கு. அதுல சந்தேகம் இல்ல" என்றார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது. சிறிது தூரம் வந்த பிறகு, "ஆனா நோயிக்கு எண்ணத் தெரியாது சார்" என்றார்.

பெரிய டாக்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் விளக்கினார். சேதுபதி அவருக்கு மந்திரி பதவி தருவதாகச் சொன்னான். கோகிலா காப்பி கொடுத்தாள், கும்பிட்டாள், கையை மட்டும் நீட்டவில்லை. சாமி சொல்லட்டும், வருகிறேன் என்றாள். வயிற்றில் ஏழு மாதம். இனி நாளைக் கடத்தினால் மருந்து இருந்தும் இல்லாததுதான் என்று டாக்டர் வாசலில் வைத்து அப்பாசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்க அவர் அறையில் விளக்கு எரிந்தது. எனக்கும் தூக்கம் இல்லை. அவருக்காக வருத்தப்பட்டேனா, பயந்தேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை மேடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். மெர்டேக்கா நெருங்க நெருங்கக் கேள்விகள் கூடிவிட்டன. நான் வேலியோரம் அவரைத் தேடினேன், காணவில்லை. அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு. முன்னால் நின்றவர்கள் பயத்தில் விலகி இடம் விட்டார்கள். அவர் முந்தாமல், தன் முறை வரும்வரை நின்றார்.

சேதுபதி கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கோகிலா திருநீற்றுத் தட்டோடு நின்றாள். அண்ணனை அங்கே கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

"மாப்பிள்ள" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார் அப்பாசாமி. பழத்தைக் காலடியில் வைத்தார். "சாமி. நீங்க சொன்ன மாதிரியே அஞ்சும் தெளிஞ்சுச்சு. ஆறாவது செவந்துச்சு. நான் ஒத்துக்கிறேன். என் தங்கச்சிக்கு ரத்தம் எடுக்கணும், ஊசி போடணும். நீங்க வேணாம்னதால வரமாட்டேங்குது. உத்தரவு குடுங்க." சேதுபதியைக் கையால் காட்டினார். "இந்த ஒடம்புக்கும் போடணும். போட்டா அப்புறம் நீங்க இங்க வரமுடியாமப் போகலாம். அத மறைச்சு நான் கேக்கல."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருவர் அவரை இழுத்து வெளியே விடச் சொன்னார். யாரும் தொடவில்லை.

சேதுபதியின் ஆட்டம் நின்றது. கண் மூடியபடியேதான் இருந்தது. இந்த நோய் வந்தவனால் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்க முடியாது என்று அப்பாசாமிதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவன் நின்றான், நட்டுவைத்த கம்பம்போல், கால் இரண்டையும் சேர்த்துவைத்து. மாமரத்திலிருந்து ஓர் இலை அவன் தோளில் விழுந்து அப்படியே இருந்தது. அவன் வாய் திறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். திறக்கவில்லை.

கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினான். தடவாமல், தேடாமல், கோகிலாவின் கையைப் பிடித்தான். திருநீற்றுத் தட்டு கீழே விழுந்தது. அவளுடைய வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுப் பக்கம் ஒதுக்கினான். உள்ளங்கை மேலாகப் பார்க்கும்படி அந்தக் கையை அப்பாசாமியின் இரண்டு கைகளிலும் வைத்தான். பிறகு, கண்ணைத் திறக்காமலே, முழங்கை மடிப்பில் ஊசி இறங்கவேண்டிய நரம்பு ஓடும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான்.